சாண்டா கிளாரா கவுன்டியில் சொத்து வரி: பதிவைத் தேடுவது எப்படி, செலுத்துவது எப்படி?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் வீடு வைத்திருப்போர் ஆண்டுதோறும் இரு தவணைகளில் சொத்து வரி செலுத்த வேண்டும். அதற்கான வழக்கமான பில் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே அஞ்சலில் அனுப்பப்படுகிறது. பில் கைக்கு வந்து சேரவில்லை என்ற காரணத்துக்காக வரியோ அபராதமோ தள்ளுபடி செய்யப்படாது என்று அந்த மாகாணச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. எனவே, பில்லுக்காகக் காத்திராமல் கவுன்டி நிர்வாகத்தின் பதிவுகளைத் தாமே தேடிப் பார்க்கத் தெரிந்திருப்பது வீட்டு உரிமையாளர்களுக்கு இன்றியமையாததாகிறது.

சிலிக்கான் பள்ளத்தாக்கின் மையமாக விளங்கும் சாண்டா கிளாரா கவுன்டியில் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வசிக்கின்றனர். சன்னிவேல், கூப்பர்டினோ, மில்பிடாஸ், சான் ஜோஸ் ஆகிய நகரங்களில் வீடு வாங்கியவர்களில் சிலர், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்புவதும் உண்டு. குடியுரிமை எதுவாக இருந்தாலும், விசா எந்த வகையாக இருந்தாலும், உரிமையாளர் எந்த நாட்டில் வசித்தாலும் இந்த வரியில் மாற்றமில்லை. வரி சொத்தைத் தொடர்கிறது. உரிமையாளரின் இருப்பிடத்தைத் தொடர்வதில்லை.

வரிப் பதிவைத் தேடும் முறை, பில்லில் கவனிக்க வேண்டியவை, செலுத்தும் வழிகள், தவறினால் ஏற்படும் விளைவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கவுன்டி என்றால் என்ன?

அமெரிக்க மாகாணங்களின் கீழ் உள்ள நிர்வாகப் பிரிவே கவுன்டி. நம் நாட்டின் மாவட்டத்துடன் இதனை ஒப்பிடலாம். கலிபோர்னியாவில் 58 கவுன்டிகள் உள்ளன. இந்தியாவில் சொத்து வரியை மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கின்றன. கலிபோர்னியாவிலோ, வீடு எந்த நகரத்தின் எல்லைக்குள் இருந்தாலும் வரியை வசூலிப்பது கவுன்டி நிர்வாகமே. வசூலான தொகை பின்னர் பள்ளிகள், நகர நிர்வாகங்கள், கவுன்டி, சிறப்பு மாவட்டங்கள் ஆகியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இதில் பெரும்பங்கு பொதுப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் செல்கிறது.

இப்பணியில் நான்கு அலுவலகங்களுக்குப் பங்குண்டு. எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்பதை அறியாததே பலரின் அலைச்சலுக்குக் காரணம்.

பதிவாளர் அலுவலகம், கிரயப் பத்திரங்களைப் பதிவு செய்து பாதுகாக்கிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மதிப்பீட்டாளர் தலைமையிலான அலுவலகம், ஒவ்வொரு சொத்துக்கும் வரிக்குரிய மதிப்பை நிர்ணயிக்கிறது. கணக்குத் தணிக்கை அலுவலகம், அந்த மதிப்பின் மீது வரி விகிதங்களைச் சேர்த்துத் தொகையைக் கணக்கிடுகிறது. வரி வசூல் துறை, பில்லை அனுப்பிப் பணத்தைப் பெறுகிறது. மதிப்பு குறித்த புகாரை வசூல் துறையிடம் கூறுவதாலோ, செலுத்திய பணம் வரவாகவில்லை என்று மதிப்பீட்டாளரிடம் முறையிடுவதாலோ பயன் இல்லை.

மதிப்பு எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது?

கலிபோர்னியாவின் சொத்து வரி முறைக்கு அடிப்படை, 1978-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி பொது வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆவது முன்மொழிவு. இதன்படி, அடிப்படை வரி சொத்தின் வரிமதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த கடன் பத்திரங்களுக்கான சிறு தொகை மட்டும் இதற்கு மேல் சேரும். வீட்டை வாங்கியபோது இருந்த சந்தை மதிப்பே தொடக்க வரிமதிப்பு. அதன் பிறகு எவ்வளவு விலை உயர்ந்தாலும், ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம் மட்டுமே வரிமதிப்பை உயர்த்த முடியும். வீடு கைமாறும்போது சொத்து முழுவதும் புதிதாக மதிப்பிடப்படும். புதிய கட்டுமானம் செய்தால் அந்தக் கட்டுமானப் பகுதி மட்டும் புதிதாக மதிப்பிடப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 10 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டின் வரிமதிப்பு, 10 ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ 12.19 லட்சம் டாலரைத் தாண்டாது. மொத்த வரி விகிதம் 1.2 சதவீதம் என்று கொண்டால், ஆண்டு வரி சுமார் 14,600 டாலர். அதே தெருவில் அதே அளவு வீட்டை இந்த ஆண்டு 20 லட்சம் டாலருக்கு வாங்கியவர் 24,000 டாலர் செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே, பக்கத்து வீட்டாரின் வரியை வைத்துத் தமது வரியை ஊகிக்க இயலாது.

இந்த ஏற்றத்தாழ்வு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 1988-இல் வீடு வாங்கிய ஸ்டெபானி நார்ட்லிங்கர், நெடுங்காலமாக அங்கு வசிக்கும் அண்டை வீட்டாரைவிடத் தாம் சுமார் ஐந்து மடங்கு வரி செலுத்துவதாகக் கூறி வழக்குத் தொடுத்தார். 1992-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த முறை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது அல்ல என்று அறிவித்தது.

பதிவைத் தேடும் வழி

சொத்து வரித் தேடலின் திறவுகோல், மதிப்பீட்டாளர் வழங்கும் பார்சல் எண். சாண்டா கிளாரா கவுன்டியில் இது 8 இலக்கங்களைக் கொண்டது. மூன்று, இரண்டு, மூன்று இலக்கங்களாகப் பிரித்து இடையில் சிறு கோடிட்டு எழுதப்படும். முதல் பகுதி வரைபடத் தொகுதியையும், இரண்டாவது அதன் பக்கத்தையும், மூன்றாவது அப்பக்கத்தில் உள்ள மனையையும் குறிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தனி உரிமையுடன் விற்கப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் உண்டு.

கிரயப் பத்திரம், வீடு வாங்கியபோது பெற்ற உரிமை ஆய்வறிக்கை, பழைய வரி பில் ஆகியவற்றில் இந்த எண் இருக்கும். எதுவும் கைவசம் இல்லையெனில், மதிப்பீட்டாளரின் இணையதளத்தில் வீட்டு முகவரியை உள்ளிட்டு எண்ணைப் பெறலாம். வீட்டு எண்ணையும் தெருவின் பெயரையும் மட்டும் உள்ளிடுவது நல்லது. முழு முகவரியையும் எழுதினால் சில நேரங்களில் முடிவு கிடைக்காமல் போகும். இணையத்தில் உரிமையாளரின் பெயரைக் கொண்டு தேட முயல வேண்டாம்; அங்கு முகவரியும் பார்சல் எண்ணுமே தேடலுக்குப் பயன்படும்.

மதிப்பீட்டாளரின் பக்கத்தில் நிலத்தின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு, அளிக்கப்பட்டுள்ள விலக்கு ஆகியவற்றைக் காணலாம். பின்னர் அதே எண்ணை வரி வசூல் துறையின் பக்கத்தில் உள்ளிட்டால், நடப்பு ஆண்டின் பில், தவணைத் தொகைகள், செலுத்தப்பட்டதா இல்லையா என்ற நிலை ஆகியவை தெரியவரும். இவற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கிரயப் பத்திரத்தின் நகல் தேவையெனில் மட்டும் பதிவாளர் அலுவலகத்துக்கு உரிய கட்டணம் செலுத்த வேண்டும்.

வீடு வாங்கியவர்களுக்கு அரசு முத்திரை போன்ற வடிவமைப்புடன் தனியார் கடிதங்கள் வருவதுண்டு. கிரயப் பத்திர நகலைப் பெற்றுத் தருவதாகவும், வரியைக் குறைத்துத் தருவதாகவும் கூறி அவை பணம் கேட்கும். மதிப்புக் குறைப்புக்கான மனுவை மதிப்பீட்டாளரிடமே கட்டணமின்றி அளிக்கலாம் என்பதால், இத்தகைய கடிதங்களுக்குப் பணம் அனுப்பும் முன் கவுன்டி அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

பில்லில் பார்க்க வேண்டியவை

கவுன்டியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜனவரி 1-ஆம் தேதி சொத்து யாரிடம், எந்த நிலையில் இருந்தது என்பதே அடுத்து வரும் நிதியாண்டின் வரிக்கு அடிப்படை. அன்றைய தினமே வரிக்கான பற்றுரிமை சொத்தின் மீது அமைந்துவிடுகிறது. பில், நவம்பர் 1-ஆம் தேதிக்குள் அனுப்பப்படும்.

பில் கிடைத்ததும் முதலில் பார்சல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் பணம் வேறொருவர் கணக்கில் வரவாகிவிடக்கூடும். அடுத்து, மதிப்பின் அடிப்படையிலான வரியையும், தனியே சேர்க்கப்படும் சிறப்புக் கட்டணங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பள்ளி மாவட்டங்கள் விதிக்கும் பார்சல் வரி, நீர் மேலாண்மைக்கான வரி போன்றவை இந்த இரண்டாவது வகையில் அடங்கும். 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பல பள்ளி மாவட்டங்கள் பார்சல் வரியில் விலக்கு அளிக்கின்றன. ஆனால் இது தானாகக் கிடைப்பதில்லை. அந்தந்தப் பள்ளி மாவட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவதாக, முந்தைய ஆண்டுகளின் நிலுவை குறித்த குறிப்பு ஏதேனும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பழைய நிலுவை நடப்பு பில்லின் தொகையில் சேர்க்கப்படுவதில்லை. நிலுவை உள்ளது என்ற குறிப்பு மட்டுமே அச்சிடப்படும். இதைக் கவனியாதவர்கள், இந்த ஆண்டுத் தொகையைச் செலுத்தியதும் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர்.

இரு தவணைகள், இரு கெடு நாள்கள்

முதல் தவணை நவம்பர் 1-ஆம் தேதி செலுத்தத்தக்கதாகிறது. டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் செலுத்தினால் அபராதம் இல்லை. இரண்டாவது தவணை பிப்ரவரி 1-ஆம் தேதி செலுத்தத்தக்கதாகி, ஏப்ரல் 10-ஆம் தேதி கெடு முடிகிறது. கெடு நாள் விடுமுறையாக அமைந்தால் அடுத்த வேலை நாள் வரை செலுத்தலாம். விரும்பினால் முதல் தவணையுடனேயே இரண்டாவதையும் சேர்த்துச் செலுத்திவிடலாம்.

இணையத்தில் செலுத்துவோருக்கு இரு வழிகள் உள்ளன. அமெரிக்க வங்கிக் கணக்கின் எண்ணை அளித்து மின்னணுக் காசோலையாகச் செலுத்தினால் கூடுதல் கட்டணம் இல்லை. கடன் அட்டை வழியாகச் செலுத்தினால், தொகையில் குறிப்பிட்ட சதவீதம் சேவைக் கட்டணமாகச் சேரும். 7,000 டாலர் செலுத்தும்போது இந்தக் கூடுதல் தொகை 100 டாலருக்கும் அதிகமாக இருக்கக்கூடும். மின்னணுக் காசோலையில் கணக்கு எண்ணைத் தவறாக உள்ளிட்டால், ஒப்புகைச் சீட்டு வந்த பின்னரும் வங்கி பணத்தைத் திருப்பிவிடும். அப்போது வரி செலுத்தப்படாததாகவே கருதப்படும். எனவே, ஒரு வாரம் கழித்து வங்கிக் கணக்கில் தொகை கழிக்கப்பட்டதா என்பதையும், கவுன்டியின் பதிவில் வரவாகியுள்ளதா என்பதையும் சரிபார்ப்பது அவசியம்.

அஞ்சலில் காசோலை அனுப்புவோருக்கு, அமெரிக்க அஞ்சல் துறையின் முத்திரை விழுந்த தேதியே செலுத்திய தேதியாகக் கொள்ளப்படும். உறையைப் பெட்டியில் போட்ட நாள் கணக்கில் வராது. இந்தியாவிலிருந்து கடைசி நாளில் காசோலை அனுப்புவதை இதனால் தவிர்க்க வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்?

கெடு நாளைத் தவறவிட்டால் அந்தத் தவணைத் தொகையில் 10 சதவீதம் அபராதமாகச் சேரும். ஒரு நாள் தாமதமானாலும், ஒரு மாதம் தாமதமானாலும் அபராதம் ஒன்றே. மேற்கண்ட எடுத்துக்காட்டில், 7,300 டாலர் தவணைக்கு அபராதம் 730 டாலர். இரண்டாவது தவணைக்கு அபராதத்துடன் 20 டாலர் நிர்வாகச் செலவும் சேர்க்கப்படும்.

ஜூன் 30-க்குள்ளும் செலுத்தப்படாவிட்டால், ஜூலை 1 முதல் அந்தச் சொத்து வரித் தவறிய சொத்தாக அறிவிக்கப்படும். அதன் பிறகு அசல் வரியின் மீது மாதம் 1.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 18 சதவீதம் கூடுதல் தொகை சேர்ந்துகொண்டே வரும். குடியிருப்புச் சொத்துகளைப் பொறுத்தவரை, இந்த நிலை ஐந்து ஆண்டுகள் நீடித்தால், சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரம் கவுன்டிக்குக் கிடைக்கிறது.

நிலுவையை ஒரே முறையில் செலுத்த இயலாதவர்களுக்கு ஐந்தாண்டுத் தவணைத் திட்டம் உண்டு. தொடக்கத்தில் 20 சதவீதத்தைச் செலுத்தி, எஞ்சியதை ஆண்டுதோறும் செலுத்தலாம். ஆனால், நடப்பு ஆண்டுகளின் வரியையும் தவறாமல் செலுத்தி வர வேண்டும். 62 வயதைக் கடந்தவர்கள், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரில் வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள், தாங்கள் வசிக்கும் வீட்டுக்கான வரியை ஒத்திவைக்கக் கோரி மாகாணக் கணக்குக் கட்டுப்பாட்டாளரிடம் விண்ணப்பிக்கலாம். இதற்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 10 வரை விண்ணப்பங்கள் பெறப்படுகின்றன.

உரிய கவனத்துடன் இருந்தும் தம் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் கெடு தவறியதாக நிரூபிப்பவர்கள், அபராதத்தை ரத்து செய்யுமாறு மனு அளிக்கலாம். மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டது போன்ற காரணங்களுக்கு ஆவணங்களை இணைக்க வேண்டும். பில் வரவில்லை என்பது மட்டும் போதிய காரணமாகாது.

'வங்கி கட்டிவிடும்' என்ற நம்பிக்கை

வீட்டுக் கடன் வாங்கியோரில் பலர், மாதத் தவணையுடன் வரிக்கான தொகையையும் சேர்த்துக் கடன் நிறுவனத்திடம் செலுத்துகின்றனர். நிறுவனம் அதனை 'எஸ்க்ரோ' எனப்படும் தனிக் கணக்கில் வைத்திருந்து, கெடு நாளுக்குள் கவுன்டிக்குச் செலுத்துகிறது. இந்த வசதி இருப்பவர்கள் வரி பில்லையே பார்ப்பதில்லை. ஆனால், மூன்று சூழ்நிலைகளில் இந்த நம்பிக்கை ஆபத்தாக முடியலாம்.

முதலாவது, துணை பில். வீடு கைமாறியதும் பழைய வரிமதிப்புக்கும் புதிய வரிமதிப்புக்கும் இடையிலான வேறுபாட்டுக்காக இது தனியே அனுப்பப்படுகிறது. பழைய உரிமையாளரின் வரிமதிப்பு 4 லட்சம் டாலராக இருந்து, வீடு செப்டம்பர் நடுவில் 15 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டதாகக் கொள்வோம். வேறுபாடு 11 லட்சம் டாலர். 1.2 சதவீத விகிதத்தில் ஓராண்டு வரி 13,200 டாலர். அடுத்த மாதத்தின் முதல் நாளான அக்டோபர் 1 முதல் நிதியாண்டின் இறுதி வரை உள்ள ஒன்பது மாதங்களுக்கு 9,900 டாலர் கேட்கப்படும். இந்த பில் பொதுவாகக் கடன் நிறுவனத்துக்கு அனுப்பப்படுவதில்லை, உரிமையாளருக்கே வருகிறது. இதன் கெடு நாள்கள் வழக்கமான பில்லின் கெடு நாள்களிலிருந்து மாறுபடலாம். ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் வீடு வாங்கியோருக்கு இரண்டு துணை பில்கள் வரும். எனவே வீடு வாங்கிய முதல் ஆண்டில், பார்சல் எண்ணை உள்ளிட்டு வேறு பில்கள் உள்ளனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, கடன் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்படும் சூழ்நிலை. பழைய நிறுவனமும் புதிய நிறுவனமும் மற்றவர் செலுத்துவார் என்று எண்ணிவிட்டால், அபராதம் கவுன்டியின் பதிவில் உரிமையாளரின் சொத்தின் மீதே ஏறும்.

மூன்றாவது, கடன் தீர்ந்த பிறகான காலம். இதற்குச் சான்றாக அமைந்தது ஆர்கன்சா மாகாணத்தின் லிட்டில் ராக் நகரைச் சேர்ந்த கேரி ஜோன்ஸ் வழக்கு. அவர் 1967-இல் வாங்கிய வீட்டுக்கு 30 ஆண்டுகள் கடன் தவணை செலுத்தி வந்தார். சொத்து வரியைக் கடன் நிறுவனமே செலுத்தி வந்தது. 1997-இல் கடன் தீர்ந்ததும் வரி செலுத்த ஆளில்லாமல் போனது. மனைவியைப் பிரிந்து அவர் வேறிடத்தில் வசித்து வந்த நிலையில், மாகாண அரசு வீட்டு முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால் பெறுவாரின்றித் திரும்பியது. 80,000 டாலர் மதிப்புள்ள அந்த வீடு 21,042 டாலருக்கு விற்கப்பட்டது. 2006-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தபால் திரும்பி வந்தது தெரிந்தும் உரிமையாளருக்குத் தகவல் தெரிவிக்க மேற்கொண்டு நியாயமான முயற்சி எடுக்காமல் வீட்டை விற்றது தவறு என்று கூறியது.

இந்தியாவுக்குத் திரும்பியோர் கவனிக்க வேண்டியவை

முகவரி மாறினால், அதனை மதிப்பீட்டாளர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அஞ்சல் நிலையத்தில் மட்டும் முகவரி மாற்றம் பதிவு செய்தால், கவுன்டியின் பதிவில் பழைய முகவரியே நீடிக்கும். வாடகைக்கு விடப்பட்ட வீட்டுக்கு வரும் பில்லைக் குடியிருப்போர் பத்திரமாக எடுத்து அனுப்புவார்கள் என்று நம்பியிருப்பது பாதுகாப்பானதன்று.

உரிமையாளரே வசிக்கும் வீட்டுக்கு வரிமதிப்பில் 7,000 டாலர் விலக்கு அளிக்கப்படுகிறது. இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 டாலர் மிச்சமாகும். ஜனவரி 1-ஆம் தேதி அந்த வீட்டில் வசிப்பவராக இருந்து, பிப்ரவரி 15-க்குள் விண்ணப்பித்தால் முழு விலக்கும் கிடைக்கும். ஆனால், வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்ட பின்னர் அதைத் தெரிவிக்காமல் இருந்தால், விடுபட்ட வரியுடன் 25 சதவீத அபராதமும் விதிக்கப்படலாம். தொகை சிறிது என்பதால் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பெற்றோரின் வீடு பிள்ளைகளுக்குச் செல்லும்போதும் விதிகள் மாறியுள்ளன. 2020-இல் நிறைவேறிய 19-ஆவது முன்மொழிவின்படி, 2021 பிப்ரவரி 16 முதல், பெற்றோர் வசித்த வீட்டைப் பெறும் பிள்ளை அதனைத் தமது முதன்மை இருப்பிடமாகக் கொண்டால் மட்டுமே பழைய குறைந்த வரிமதிப்பின் பயன் கிடைக்கும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. இந்தியாவில் வசித்துக்கொண்டு அந்த வீட்டை வாடகைக்கு விடும் வாரிசுக்கு, அன்றைய சந்தை மதிப்பில் வரி விதிக்கப்படும்.

மதிப்பு அதிகம் என்று கருதினால்

ஜனவரி 1-ஆம் தேதி நிலவிய சந்தை மதிப்பு, பதிவில் உள்ள வரிமதிப்பைவிடக் குறைவாக இருந்தால், தற்காலிகக் குறைப்பு கோரலாம். சாண்டா கிளாரா மதிப்பீட்டாளர் ஆண்டுதோறும் ஜூன் மாத இறுதியில் மதிப்பு அறிவிப்பை அனுப்புகிறார். அதில் உடன்பாடு இல்லாதவர்கள், ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை மேல்முறையீட்டு வாரியத்தில் முறையான மனு அளிக்கலாம். துணை மதிப்பீட்டின் மீதான மேல்முறையீட்டுக்கு, அறிவிப்பு அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. பில் வரும் அக்டோபர் மாதத்தில் விழித்துக்கொள்பவர்களுக்கு வழக்கமான மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்கும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் வரியைக் கெடு நாளுக்குள் செலுத்த வேண்டும். மதிப்பு குறைக்கப்பட்டால் கூடுதல் தொகை திருப்பித் தரப்படும்.

ஏலத்துக்குப் பின் எஞ்சும் பணம் யாருக்கு?

வரி நிலுவைக்காக வீடு விற்கப்பட்டால், நிலுவை போக எஞ்சும் தொகை உரிமையாளருக்குச் சேர வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால், சில மாகாணங்களில் அண்மைக்காலம் வரை நிலைமை அவ்வாறு இல்லை. மினசோட்டா மாகாணத்தின் ஹென்னபின் கவுன்டியில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் அடுக்குமாடி வீட்டுக்குச் சுமார் 2,300 டாலர் வரி நிலுவை ஏற்பட்டது. வட்டியும் அபராதமும் சேர்ந்து அது 15,000 டாலராக உயர்ந்தது. கவுன்டி நிர்வாகம் அந்த வீட்டை 40,000 டாலருக்கு விற்று, எஞ்சிய 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளித்த தீர்ப்பில், அரசுக்குச் சேர வேண்டியது வரி நிலுவை மட்டுமே என்றும், அதற்கு மேற்பட்ட தொகையை இழப்பீடின்றி எடுத்துக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்துக்கு எதிரானது என்றும் கூறியது. அப்போது டைலருக்கு வயது 94.

கலிபோர்னியாவில் ஏலத்தில் எஞ்சும் தொகையை உரிமையாளர் கோரிப் பெறுவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால், ஏலப் பத்திரம் பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். பழைய முகவரிக்குச் செல்லும் அறிவிப்புகளைப் பார்க்காதவர்கள் வீட்டுடன் இந்த உரிமையையும் இழக்க நேரிடும்.

பிற கவுன்டிகளில்

மேற்கண்ட தவணை நாள்களும் அபராத விகிதங்களும் பெரும்பாலும் கலிபோர்னியா மாகாணச் சட்டத்தின்படி அமைந்தவை. பிற மாகாணங்களில் நடைமுறை வேறு. டெக்சாஸின் ஹாரிஸ் கவுன்டியில் வரியை ஜனவரி 31-க்குள் செலுத்த வேண்டும். மதிப்பை எதிர்த்து மனு அளிக்க மே 15 வழக்கமான கெடு. இல்லினாய்ஸின் குக் கவுன்டியில் ஓராண்டுக்குரிய வரி அடுத்த ஆண்டில் வசூலிக்கப்படுகிறது. அங்கு சொத்தின் அடையாள எண் 14 இலக்கங்கள் கொண்டது. நியூ ஜெர்சியில் கவுன்டிக்குப் பதிலாக நகராட்சிகளே வசூலிக்கின்றன. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு தவணைகள். எங்கு வீடு இருந்தாலும், சொத்தின் அடையாள எண், வசூலிக்கும் அலுவலகம், கெடு நாள் ஆகிய மூன்றையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டிய நாள்கள் (சாண்டா கிளாரா கவுன்டி)

* ஜனவரி 1: அடுத்த நிதியாண்டு வரிக்கான அடிப்படை நாள்
* பிப்ரவரி 15: சொந்தக் குடியிருப்பு விலக்கு கோரக் கடைசி நாள்
* ஏப்ரல் 10: இரண்டாவது தவணைக்குக் கடைசி நாள்
* ஜூன் 30: நிலுவை இருப்பின், வரித் தவறிய சொத்தாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய கடைசி நாள்
* ஜூலை 2 - செப்டம்பர் 15: மதிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் காலம்
* டிசம்பர் 10: முதல் தவணைக்குக் கடைசி நாள்

நவம்பர் முதல் வாரத்தில் பில் வந்திருந்தாலும் வராவிட்டாலும், பார்சல் எண்ணை உள்ளிட்டு ஒரு முறை பதிவைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். பணம் செலுத்திய பின் மீண்டும் ஒரு முறை பார்த்து, வரவானதற்கான பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால், ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் உள்ள வீட்டைப் பற்றிய கவலை அந்தத் தவணைக்குத் தீர்ந்தது.